ஏமன் டி வலேரா

ஏமன் டி வலேரா (அக்டோபர் 14, 1882 - ஆகஸ்ட் 29, 1975) இருபதாம் நூற்றாண்டு அயர்லாந்தின் அரசியலில் மிக நீண்ட காலம் செல்வாக்குச் செலுத்திய தலைவர் ஆவார். விடுதலைப் போராட்ட வீரர், பிரதமர், குடியரசுத் தலைவர் எனப் பல நிலைகளில் பணியாற்றியவர். அயர்லாந்தில் இன்றும் நடைமுறையில் உள்ள 1937 ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் முதன்மைச் சிற்பி இவரே. எனினும் 1921-22 இல் இவர் எடுத்த முடிவுகள் குறித்து வரலாற்றாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

இளமை

நியூயார்க் நகரில் பிறந்தார். தாய் கேத்தரின், அயர்லாந்தின் லிமெரிக் மாவட்டத்தைச் சேர்ந்தவர். இரண்டு வயதிருக்கும்போது, 1885 இல், தாய்மாமனுடன் அயர்லாந்துக்கு அனுப்பப்பட்டு புரூரி என்ற சிற்றூரில் பாட்டியிடம் வளர்ந்தார். 1904 இல் கணிதத்தில் பட்டம் பெற்றார்; ஆசிரியராகவும் பணியாற்றினார். கணித ஆர்வம் இவரை இறுதிவரை விடவில்லை. பிரதமராக இருந்தபோது 1940 இல் டப்ளின் உயராய்வு நிறுவனத்தை நிறுவி, இயற்பியலாளர் சுரோடிங்கரை அங்கு வரவழைத்தார். தமக்கு ஐரிய மொழி கற்பித்த சினேட் பிளனகனை 1910 இல் மணந்தார்.

விடுதலைப் போராட்டம்

1916 ஈஸ்டர் எழுச்சியில் டப்ளினின் போலந்து ஆலைப் பகுதியில் ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கினார். எழுச்சி ஒடுக்கப்பட்டபின் இவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்காவில் பிறந்ததால் உயிர் தப்பினார் என்பது பரவலான நம்பிக்கை. அவருடைய முறை வருவதற்குள் பிரித்தானிய அரசு தண்டனைகளை நிறுத்த முடிவு செய்திருந்தது என்பதே பொருத்தமான காரணமாகத் தெரிகிறது. 1917 இல் சின் பெயின் கட்சியின் தலைவரானார். 1918 பொதுத் தேர்தலில் அக்கட்சி அயர்லாந்தின் 105 இடங்களில் 73 ஐ வென்றது. பிப்ரவரி 1919 இல் இங்கிலாந்தின் லிங்கன் சிறையிலிருந்து, கேக்கினுள் மறைத்து அனுப்பப்பட்ட சாவியின் துணையுடன் தப்பினார்.

இலண்டன் செல்லாத முடிவு

டி வலேரா மீதான குற்றச்சாட்டுகளில் முதன்மையானது இதுவே. ஜூலை 1921 இல் போர் நிறுத்தம் ஏற்பட்டதும் பிரித்தானியப் பிரதமர் லாயிட் ஜார்ஜை இலண்டனில் நேரில் சந்தித்துப் பேசினார். முழுமையான குடியரசு கிடைக்காது என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. ஆயினும் அக்டோபரில் முறையான பேச்சுவார்த்தை தொடங்கியபோது தாம் செல்லாமல் ஆர்தர் கிரிபித், மைக்கேல் காலின்ஸ் ஆகியோரை அனுப்பினார். தலைவர் தாயகத்தில் இருந்தால், அவருடைய ஒப்புதல் தேவை எனக் கூறி அவசர முடிவைத் தவிர்க்கலாம் என்பது அவருடைய விளக்கம். விட்டுக்கொடுத்த பழியைப் பிறர் ஏற்கட்டும் என ஒதுங்கினார் என்பது எதிராளிகளின் வாதம். எது உண்மையாயினும் ஏற்பாடு பலிக்கவில்லை. டிசம்பர் 6, 1921 அன்று தூதுக்குழு டப்ளினைக் கேளாமலேயே உடன்படிக்கையில் கையொப்பமிட்டது.

உடன்படிக்கை தன்னாட்சி நாடு ஒன்றைத் தந்தது. உறுப்பினர்கள் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றும் கோரியது. அதைப் படிக்கல்லாகக் கொண்டு முழு விடுதலையை நோக்கி முன்னேறலாம் என்று காலின்ஸ் வாதிட்டார். டி வலேரா மறுத்தார். ஜனவரி 7, 1922 அன்று நாடாளுமன்றம் 64க்கு 57 என்ற வாக்குகளில் உடன்படிக்கையை ஏற்றது. அவர் பதவி விலகினார். அதே ஆண்டு மார்ச்சில் தர்லெஸ் நகரில், சொந்த நாட்டு வீரர்களின் இரத்தத்தைக் கடந்தே விடுதலை பெற நேரிடலாம் என்ற பொருளில் உரையாற்றினார். அது எச்சரிக்கை மட்டுமே என்று பின்னாளில் விளக்கினாலும், அந்தச் சொற்களின் சுமை அவரை விட்டு நீங்கவில்லை.

ஜூன் 1922 இல் உள்நாட்டுப் போர் மூண்டது. உடன்படிக்கை எதிர்ப்புப் படைகள் லியம் லிஞ்ச் போன்ற தளபதிகளின் கையில் இருந்தன. போரை நடத்தவோ நிறுத்தவோ டி வலேராவிடம் அதிகாரம் இருக்கவில்லை. ஆகஸ்ட் 22 அன்று கார்க் மாவட்டத்தில் காலின்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலையில் டி வலேராவுக்குப் பங்கு இருந்ததாகச் சான்று இல்லை. 1996 இல் வெளிவந்த மைக்கேல் காலின்ஸ் திரைப்படம் அந்த ஐயத்தை எழுப்பும் வகையில் காட்சிகளை அமைத்திருந்தது. வரலாற்றை அப்படத்திலிருந்து அறிந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆட்சி

1926 இல் பியனா பாயில் கட்சியைத் தொடங்கினார். 1927 இல், தாம் எதிர்த்த அதே உறுதிமொழி ஏட்டில் கையொப்பமிட்டு, அது உறுதிமொழியே அல்ல என்று கூறி நாடாளுமன்றத்தில் நுழைந்தார். இதை ஐந்து ஆண்டுகள் முன்பே செய்திருக்கக் கூடாதா என்ற கேள்விக்கு அவருடைய ஆதரவாளர்கள் இன்றுவரை தெளிவான விடை தரவில்லை எனலாம்.

1932 இல் ஆட்சிக்கு வந்தபின் உடன்படிக்கையின் கூறுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். 1933 இல் உறுதிமொழி நீக்கப்பட்டது; 1938 இல் பிரித்தானியாவின் வசமிருந்த துறைமுகங்கள் திரும்பப் பெறப்பட்டன. காலின்ஸ் கூறிய படிக்கல் வழி சாத்தியமே என்பதை மெய்ப்பித்தவர் டி வலேராதான். 1937 அரசியலமைப்பு, கத்தோலிக்கத் திருச்சபைக்குச் சிறப்பு நிலை அளித்தது; யூதர் உள்ளிட்ட பிற சமயத்தாரையும் பெயர் சுட்டி ஏற்றது. இந்திய அரசியலமைப்பின் அரசு நெறிமுறைக் கோட்பாடுகள் இச்சட்டத்தைப் பின்பற்றியவை.

இரண்டாம் உலகப் போரில் அயர்லாந்தை நடுநிலையில் நிறுத்தினார். மறைமுகமாக நேச நாடுகளுக்கு வானிலைத் தகவல்கள் அளிக்கப்பட்டன. மே 2, 1945 அன்று இட்லரின் மரணத்துக்காக ஜெர்மன் தூதரைச் சந்தித்து இரங்கல் தெரிவித்தார். தூதரக மரபு என்று அவர் கருதினார். வதைமுகாம்களின் படங்கள் வெளிவந்திருந்த நேரத்தில் அது பெருந்தவறு என்பதில் ஐயமில்லை.

1948 இல் தேர்தலில் தோற்றார். 1951-54, 1957-59 காலங்களில் மீண்டும் பிரதமரானார். 1950களில் சுமார் 4 இலட்சம் பேர் வேலை தேடி நாட்டை விட்டு வெளியேறினர். 1959 முதல் 1973 வரை குடியரசுத் தலைவராக இருந்தார். அப்போது பார்வை பெரிதும் மங்கியிருந்தது. டப்ளினின் கிளாஸ்னெவின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். காலின்சின் கல்லறையும் அங்கேயே உள்ளது.

மதிப்பீடுகள்

இவரது ஒத்துழைப்புடன் லாங்ஃபோர்டு, ஓநீல் ஆகியோர் எழுதிய வாழ்க்கை வரலாறு (1970) இவரைப் போற்றியது. டிம் பாட் கூகன் எழுதிய நூல் (1993) கடுமையாகச் சாடியது. டயர்மிட் ஃபெரிட்டர் (2007) அந்தச் சாடல் அளவு மீறியது என்று கருதினார். ரோனன் ஃபேனிங் (2015) உடன்படிக்கைக் கால நடத்தையைக் கண்டித்தாலும், 1930களில் நாட்டின் இறைமையை நிலைநாட்டியதை இவரது பெருஞ்சாதனையாக ஏற்றார்.

இவரது அரசியலமைப்பும் தொடர்ந்து மதிப்பிடப்படுகிறது. திருச்சபையின் சிறப்பு நிலை 1972 பொதுவாக்கெடுப்பில் நீக்கப்பட்டது. வட அயர்லாந்து மீதான உரிமைக் கோரிக்கையை மாற்ற மக்கள் 1998 இல் ஒப்புதல் அளித்தனர். பெண்களின் இல்லப் பணி குறித்த பிரிவை மாற்றும் முன்மொழிவு மார்ச் 2024 இல் மக்களால் நிராகரிக்கப்பட்டது.