மேரி ஷெல்லியும் அவர் படைத்த பெயரற்ற உயிரும்

எமது பாடசாலையில் விஞ்ஞானம் படித்தவர்களும் இலக்கியம் படித்தவர்களும் சொந்தம் கொண்டாடக்கூடிய ஒருவர் மேரி ஷெல்லி.

அவர் 1797 ஓகஸ்ட் 30ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். தாய் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், பெண்பிள்ளைகளுக்கு ஆண்பிள்ளைகளுக்கு நிகரான கல்வி வேண்டும் என்று 1792இலேயே நூல் எழுதியவர். பிரசவத்தின்போது நஞ்சுக்கொடி முழுமையாக வெளியேறவில்லை. வைத்தியர் அதைக் கையால் எடுத்தார். கை கழுவுவதன் அவசியத்தை வைத்திய உலகம் அறியாத காலம் அது. கிருமி தொற்றிப் பதினொரு நாட்களில் தாய் இறந்தார்.

மேரிக்குப் பள்ளிப் படிப்பு அதிகம் வாய்க்கவில்லை. தந்தை வில்லியம் கொட்வினின் நூல்களும் தாய் விட்டுச்சென்ற நூல்களுமே ஆசான்கள். 16 வயதில் கவிஞர் பேர்சி ஷெல்லியுடன் வீட்டை விட்டுச் சென்றார். 1815இல் குறைமாதத்தில் பிறந்த முதற்குழந்தையைச் சில நாட்களிலேயே இழந்தார்.

அதே ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் விளைவாக 1816இல் ஐரோப்பாவில் கோடையே குளிராகவும் மழையாகவும் கழிந்தது. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு வீட்டில் அடைபட்டிருந்த நண்பர்கள், கவிஞர் பைரனின் யோசனைப்படி ஆளுக்கொரு பேய்க்கதை எழுத முயன்றனர். இறந்த உடலில் மின்சாரம் பாய்ச்சித் தசைகளை அசைத்துக் காட்டும் பரிசோதனைகள் அன்று பெரிதாகப் பேசப்பட்டன. அந்தப் பேச்சிலிருந்து 18 வயது மேரிக்குக் கிடைத்த கதைதான் பிராங்கன்ஸ்டைன்.

விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்னும் மாணவன் பிண உறுப்புகளைச் சேர்த்து ஓர் உயிரை உண்டாக்குகிறான். அது கண் திறந்ததும் அருவருத்து ஓடிவிடுகிறான். பிராங்கன்ஸ்டைன் என்பது அந்த உயிரின் பெயர் என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்குப் பெயரே இல்லை. எங்கள் ஊவாத் தோட்டங்களில் ஒரு நாள் வேலையைப் பேர் என்கிறோம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான். பேர் விழாவிட்டால் அன்றைய உழைப்பே கணக்கில் இல்லை. பெயரில்லாமல் போவதன் வலி நமக்குத் தெரியும். அந்த உயிர் ஒளிந்திருந்து பேசவும் வாசிக்கவும் தானே கற்றுக்கொள்கிறது. அன்பு தேடிப் போன இடத்தில் அடிபட்டுத் துரத்தப்பட்ட பிறகே கொலை செய்கிறது.

அறிவைத் தேடியதற்காக மேரி விக்டரைத் தண்டித்ததாக எனக்குத் தோன்றவில்லை. சத்திரசிகிச்சை செய்தவர், நோயாளி கண்விழிக்கும் வேளையில் அருகில் இருக்க வேண்டும். விக்டர் அந்த வேளையில்தான் ஓடினான். அதன் பின் நேர்ந்த அத்தனை துன்பமும் அந்த ஓட்டத்திலிருந்து வந்தது.

1818 ஜனவரி 1ஆம் திகதி நாவல் 500 பிரதிகளாக, ஆசிரியர் பெயரின்றி வெளியானது. ஊவாவில் ஆங்கிலேயருக்கு எதிரான கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. பேர்சிதான் எழுதினார் என்று பலர் நம்பினர். 1823இல் வந்த இரண்டாம் பதிப்பிலேயே மேரியின் பெயர் அச்சானது.

அதற்குள் மேலும் இரு குழந்தைகள் இறந்திருந்தன. 1822இல் பேர்சி கடலில் மூழ்கி இறந்தார். 24 வயதில் விதவையான மேரி, மாமனார் தந்த சிறு தொகையோடும் எழுத்து வருமானத்தோடும் எஞ்சிய ஒரே மகனை வளர்த்துப் பல்கலைக்கழகம் வரை படிக்க வைத்தார். கணவரின் கவிதைகளைத் தொகுத்துப் பதிப்பித்தார். 1831இல் பிராங்கன்ஸ்டைனைத் திருத்தி, அது உருவான விதத்தை முன்னுரையில் விளக்கி மீண்டும் வெளியிட்டார். 1851 பெப்ரவரி 1ஆம் திகதி, 53 வயதில் காலமானார்.

ஆய்வுகூடங்களிலும் கணினித் துறையிலும் புதியன படைக்கும் எமது தங்கையர் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் இந்நாவலை ஒருமுறையேனும் வாசிக்க வேண்டும். விக்டர் செய்யத் தவறியதை மேரி தம் வாழ்வில் செய்தார். பெற்ற மகனையும் எழுதிய நூலையும் அவர் இறுதிவரை கைவிடவில்லை.