தயிரை ஆய்வகத்துக்குக் கொண்டுபோன மெச்னிகோவ்: பூஞ்சை நஞ்சிலிருந்து கல்லீரலை பாக்டீரியா காப்பாத்துமா?

மழைக்காலம் வந்தாலே மும்பையில் மளிகைச் சாமான் எல்லாத்துலயும் ஈரம் ஏறும். மாட்டுங்காவில் வாங்கி செம்பூர் வீட்டு டப்பாவில் வச்ச வேர்க்கடலை, பத்து நாளில் பூசணம் பிடிச்சிடும். அந்தப் பூசணத்தில் சில வகைகள் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரல் புற்றுநோயை வரவழைக்கக்கூடியது.

நல்ல பாக்டீரியாவை வச்சு இந்த நஞ்சைத் தடுக்க முடியுமா என்று பல வருஷமா ஆராய்ச்சி நடக்கிறது. அந்த யோசனைக்கு விதை போட்டவர், 1916-ல் இறந்துபோன இலியா மெச்னிகோவ்.

யார் இவர்?

1845-ல், இன்றைய உக்ரைனின் கார்கிவ் நகருக்குப் பக்கத்தில் பிறந்தார். படிச்சது விலங்கியல். முதல் மனைவி லுட்மிலா 1873-ல் காசநோயால் இறந்தார். அதன்பின் ஒடெசா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த வருஷங்களும் நிம்மதியா இல்லை. ரெண்டு முறை உயிரை விடத் துணிந்து, பிழைத்தவர்.

1882-ல் இத்தாலியின் மெஸ்ஸினாவில்தான் திருப்பம். கண்ணாடி போலத் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ஒரு முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், முள்ளைச் சுற்றி செல்கள் கூட்டமாக மொய்த்திருந்தன. உடம்புக்குள் நுழையும் கிருமிகளை விழுங்கும் செல்கள் நமக்குள்ளேயே இருக்கின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தது இங்கிருந்துதான்.

ரத்தத்தில் கரைந்திருக்கும் பொருட்களே நோயைத் தடுக்கின்றன என்று நம்பிய பல ஜெர்மன் விஞ்ஞானிகள் இதை ஏற்கவில்லை. 1888-ல் லூயி பாஸ்டர் பாரிஸில் அவருக்கு ஆய்வகம் கொடுத்தார். 1908-ல் நோபல் பரிசை அவரும் ஜெர்மனியின் பால் எர்லிக்கும் பகிர்ந்துகொண்டார்கள். கடைசியில் ரெண்டு பக்கமும் சரிதான்.

மும்பைக்கு என்ன தொடர்பு?

ஒடெசாவில் மெச்னிகோவிடம் படித்தவர்தான் வால்டெமர் ஹாஃப்கின். ஆசிரியரைப் பின்தொடர்ந்து பாரிஸ் போனார். பிறகு, பம்பாயில் பிளேக் பரவியபோது இங்கேயே தடுப்பூசி தயாரித்து, 1897 ஜனவரியில் முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். பரேலில் இன்றைக்கும் இருக்கும் ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட் அவர் பெயரில் உள்ளதுதான்.

தன் உடம்பிலேயே சோதிக்கும் பழக்கம் ஆசிரியருக்கும் உண்டு. 1890-களின் தொடக்கத்தில் மெச்னிகோவ் காலரா கிருமியைக் குடித்தார். ஒன்றும் ஆகவில்லை. அதே மாதிரி குடித்த இன்னொருத்தர் சாவின் விளிம்பு வரை போய் வந்தார். ஒரே கிருமி ஏன் ஆளுக்கு ஆள் வேற மாதிரி நடக்குது? குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாதான் காரணமோ என்று அவருக்குத் தோன்றியது.

தயிர் எப்படி வந்தது?

பெருங்குடலில் உணவை அழுக வைக்கும் பாக்டீரியா நஞ்சை உண்டாக்குது, அந்த நஞ்சுதான் முதுமையைக் கொண்டுவருது என்று அவர் கருதினார். 1905-ல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர், தங்கள் ஊர்த் தயிரிலிருந்து ஒரு பாக்டீரியாவை அடையாளம் கண்டார். பல்கேரியாவில் நூறு வயதுக்காரர்கள் அதிகம் என்ற பேச்சும் இருந்தது. ரெண்டையும் சேர்த்துப் பார்த்த மெச்னிகோவ், புளித்த பால் ஆயுளைக் கூட்டும் என்று எழுதினார், தானும் தினமும் குடித்தார்.

அவ்வளவுதான், ஐரோப்பா முழுக்க புளித்த பாலும் பாக்டீரியா மாத்திரையும் விற்பனைக்கு வந்தன. ஆனா அந்த பாக்டீரியா குடலில் தங்குவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. நூறு வயதுக் கணக்கும் சரியாகச் சரிபார்க்கப்பட்டதல்ல. மெச்னிகோவ் 1916 ஜூலை 15-ல், 71 வயதில் இதய நோயால் இறந்தார். இறந்தபின் தன் குடலைத் திறந்து பார்க்கும்படி மருத்துவ நண்பரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தார்.

அஃப்ளடாக்சின் கதை

அவர் இறந்து 44 வருஷம் கழித்து, 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு. 1974-ல் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்ச்மஹால் பகுதிகளில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட 100-க்கும் மேற்பட்டோர் கல்லீரல் பாதித்து இறந்தார்கள்.

இந்த நஞ்சை உடைக்கப் பார்க்கும்போது, கல்லீரலே அதை இன்னும் ஆபத்தான வடிவமாக மாற்றிவிடுகிறது. அது செல்லின் டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்ளும். ஹெபடைட்டிஸ் பி தொற்றும் இருந்தால் ஆபத்து பல மடங்கு.

சரி, பாக்டீரியா உதவுமா?

சில லாக்டோபேசில்லஸ் வகைகளின் செல் சுவரில் அஃப்ளடாக்சின் ஒட்டிக்கொள்கிறது. குடலிலேயே ஒட்டிக்கொண்டால், கல்லீரலுக்குப் போகும் அளவு குறையும். சூட்டில் செத்த பாக்டீரியாவும் இதைச் செய்கிறது. சீனாவின் குவாங்சோவில் 90 இளைஞர்களிடம் நடந்த சோதனை 2006-ல் வெளியானது. குறிப்பிட்ட ரெண்டு பாக்டீரியா வகைகளை 5 வாரம் சாப்பிட்டவர்களின் சிறுநீரில், நஞ்சு டிஎன்ஏவைத் தாக்கியதைக் காட்டும் அடையாளம் 55 சதவீதம் குறைவாக இருந்தது.

இது நல்ல சேதி, ஆனா புற்றுநோய் குறைந்தது என்று அந்த ஆய்வு காட்டவில்லை. எல்லா பாக்டீரியாவும் ஒரே மாதிரி ஒட்டுவதும் இல்லை. அதனால தாராவி இட்லியையோ வீட்டுத் தயிரையோ கல்லீரல் மருந்தாக நினைக்க வேண்டாம். லிவர் டீடாக்ஸ் என்று விற்கும் மாத்திரைக்கும் இதே கணக்குதான். நூறு வருஷம் முன்னாடி பாரிஸில் நடந்த வியாபாரமும் இப்படித்தான் ஓடியது.

என்ன செய்யலாம்?

பூசணம் பிடிச்ச, சுருங்கின, கசக்குற கடலையைத் தூக்கிப் போடுங்க. கழுவினாலோ வேக வச்சாலோ நஞ்சு முழுசா போகாது. மாட்டுக்கும் போடாதீங்க, அது பாலில் வேறு வடிவத்தில் வரும். மழைக்காலத்தில் கொஞ்சமா வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் உலர்வா வையுங்க. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கீங்களான்னு ஒரு முறை பாருங்க. தயிரைத் தாராளமா சாப்பிடுங்க, ஆனா கெட்ட கடலைக்கு அது மாற்று இல்லை.