விடை தேடிய இராமானுஜன்

முப்படிச் சமன்பாடு ஒன்றைத் தீர்த்து வரும்படி வகுப்பில் சொன்னார்கள். கைப்பேசியில் தேடினேன், நொடியில் விடை கிடைத்தது. அப்படியே ஏட்டில் எழுதிக்கொண்டு போனேன். இரண்டாம் வரி எப்படி வந்தது என்று பேராசிரியர் கேட்டார். கரும்பலகையின் முன் வாயடைத்து நின்றேன். அவர் கடிந்துகொள்ளவில்லை, கணிதமேதை சீனிவாச இராமானுஜனின் வரலாற்றைப் படித்து வருமாறு மட்டும் பணித்தார். படித்து அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்த இராமானுஜன் வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை துணிக்கடைக் கணக்கர். 1902-இல் முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறையை அறிந்துகொண்டார். அத்துடன் நில்லாமல் நாற்படிச் சமன்பாட்டுக்குத் தாமே ஒரு வழி கண்டார். அடுத்து ஐம்படிச் சமன்பாட்டோடு போராடினார், வழி திறக்கவில்லை. வர்க்கமூலம், கனமூலம் போன்ற மூலங்களைக் கொண்டு அதற்குப் பொதுத்தீர்வு காண இயலாது என்று நார்வே நாட்டு ஏபெல் 1824-லேயே நிறுவியிருந்தார். அச்செய்தி அச்சிறுவனை எட்டவில்லை.

1903-இல் கார் என்பவர் தொகுத்த நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. ஏறத்தாழ 5000 முடிவுகள் கொண்ட அந்நூலில் முழு நிறுவல்கள் அரிது. எனக்குக் கிடைத்ததும் அத்தகைய வெறும் விடைதானே! ஆனால் அவரோ ஒவ்வொன்றுக்கும் வழியைத் தாமே தேடினார். தாள் வாங்க வசதியின்றிப் பலகையில் எழுதி முழங்கையால் அழித்தார்; முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதிந்தார்.

அந்த வேட்கைக்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தவர், ஆங்கிலத்தில் தவறி அத்தொகையை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். 1913-இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவர் வாழ்வை மாற்றியது. 1914-இல் கடல் கடந்தார். 1918-இல் இராயல் சொசைட்டியின் ஃபெலோ ஆனார். 1920 ஏப்ரல் 26-இல், 32 வயதில் மறைந்தார்.

நூல்களைத் தேட வேண்டாம் என்று அவர் வாழ்வு கூறவில்லை. பிறர் முன்பே கண்டவற்றை மீண்டும் காண்பதிலேயே அவருடைய இளமையின் பல ஆண்டுகள் கழிந்தன. நமக்கோ நூலகமே உள்ளங்கையில் இருக்கிறது.

மறுவாரம் மீண்டும் கரும்பலகைக்குப் போனேன். மூன்றாம் வரியில் நின்றுவிட்டேன். அதற்குமேல் பேராசிரியர் சொல்லித் தந்தார், இம்முறை புரிந்தது. நண்பர்களே, விடையைத் தேடுவோம். ஆனால் முதலில் நாமே முயன்றுவிட்டுத் தேடுவோம்.