சோமர்செற் சீமாட்டி

மதுவுக்கு அடிமையான ஆடவனுக்கு இரங்குவோர் உளர். அந்நோய் ஒரு தாயைப் பற்றினாலோ, அவளை இகழ்வோரே பலர். அத்தகைய பெண்களுக்கென ஒரு சிற்றூரையே அமைத்தவர் இசபெல்லா சோமர்செற் என்னும் ஆங்கிலச் சீமாட்டி. அவர் வரலாற்றை யான் கற்றறிந்தவாறு ஈண்டுச் சுருங்கக் கூறுவேன்.

அவர் 1851 ஆம் ஆண்டிலே சோமர்ஸ் பிரபுவின் மூத்த மகளாகப் பிறந்தார். நமது பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டுள்ள புகைப்படக் கலைஞர் யூலியா மார்கரெற் கமரோன் அவருக்குப் பெரிய தாயார். 1872 இல் ஹென்றி சோமர்செற் பிரபுவை மணந்தார். 1874 இல் ஓர் ஆண்மகவை ஈன்றார். இல்லறம் நிலைக்கவில்லை. பிள்ளை தந்தைக்கே உரியது என்னும் எண்ணம் வேரூன்றியிருந்த அக்காலத்தில், அவர் நீதிமன்றத்தை நாடி 1878 இல் மகனைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் உரிமையைப் பெற்றார். ஆயினும், கணவரின் ஒழுக்கக் குறையை மன்றிலே வெளியிட்டார் என்று உயர்குடியினர் தம் வாயில்களை அவருக்கு அடைத்தனர். வழக்கில் வென்றவரே ஊரால் விலக்கப்பட்டார்.

1883 இல் தந்தையார் இறக்க, பெருநிலங்கள் அவருக்கு உரிமையாயின. குடிமக்களின் மனைகளில் மது விளைத்த கேட்டைக் கண்ணாரக் கண்டவர், 1890 இல் பிரித்தானியப் பெண்கள் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவரானார். சொற்பொழிவு மட்டும் போதாதென உணர்ந்து, 1895 இல் றைகேற் நகருக்கு அண்மையில் டக்ஸ்ஹேர்ஸ்ற் என்னும் இடத்திலே பண்ணைக் குடியிருப்பொன்றை நிறுவினார். அங்கே சிறைக்கூடம் இல்லை. சிறு வீடுகள் இருந்தன. பெண்கள் மாதக்கணக்கில் தங்கித் தோட்டவேலையும் நெசவும் பயின்றனர். குழந்தைகளுக்கும் அச்சூழலிலேயே ஓர் இல்லம் இருந்தது. மதுவெறியை ஒழுக்கக்கேடு என்று மட்டும் கொள்ளாது, காலமும் தொழிலும் அன்பும் வேண்டி நிற்கும் நோயென்று கொண்டமையே அதன் சிறப்பு.

முயற்சிகள் யாவும் பலித்தன அல்ல. குடிவெறிக்காக இருநூறு தடவைக்கு மேல் தண்டனை பெற்ற ஜேன் கேக்பிரட் என்னும் முதியவளை அவர் அங்கே ஏற்றார். அவள் தேறவில்லை, மனநோய் மருத்துவமனையிலே 1898 இல் இறந்தாள். இருநூறு தண்டனைகள் செய்யாததைச் சில மாதப் பரிவு செய்யவில்லை என்று பழித்தல் நியாயமாகுமா? முதற் தண்டனையின்போதே அத்தகைய வீடொன்று அவளுக்குத் திறந்திருக்கவேண்டும் என்பதே யான் கொள்ளும் பாடம்.

சோமர்செற் சீமாட்டி 1921 இல் மறைந்தார். இன்று பல நாடுகளில் கருவுற்ற பெண்களையும் பிள்ளையோடு வரும் தாயரையும் ஒருங்கே ஏற்கும் சிகிச்சை இல்லங்கள் உள்ளன. பிள்ளையைப் பறிகொடுப்போம் என்றஞ்சும் தாய் தன் நோயை மறைப்பாள்; அவ்வச்சம் நீங்கினாலன்றி மருந்தை நாடி வாராள். பெற்ற மகனுக்காக வழக்காடிய ஒருத்திக்கு இவ்வுண்மையை எவரும் கற்பிக்கவேண்டியிருந்திராது.