சாகாத கோழி இதயம்: செல்களுக்கு வயதாகாது என்று உலகை நம்பவைத்த நோபல் விஞ்ஞானி

செல்களுக்கு வயதாவதையே நிறுத்திவிடலாம் என்று சொல்லும் மாத்திரை, பவுடர், சீரம் விளம்பரங்கள் உங்கள் போனிலும் வந்திருக்கும். இந்த ஆசை ஒன்றும் புதுசு இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பே நோபல் பரிசு வாங்கிய ஒரு விஞ்ஞானி, இதை ஆய்வகத்திலேயே நிரூபித்துவிட்டதாகச் சொன்னார். உலகமும் சுமார் 50 ஆண்டுகள் நம்பியது. அவர் பெயர் அலெக்சிஸ் கரேல்.

யார் இந்த கரேல்?

1873-ல் பிரான்ஸின் லியோன் நகருக்கு அருகே பிறந்தவர். 1894-ல் பிரான்ஸ் அதிபர் சாடி கார்னோ அதே லியோனில் கத்தியால் குத்தப்பட்டார். கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயில் வெட்டு. அதைத் தைத்துச் சரிசெய்யும் வித்தை அன்றைய டாக்டர்களிடம் இல்லை. அதிபர் இறந்துபோனார்.

21 வயது மருத்துவ மாணவரான கரேலுக்கு இது உறுத்தியது. துணியைத் தைக்க முடியும்போது ரத்தக் குழாயை ஏன் தைக்க முடியாது? லியோனில் எம்பிராய்டரி செய்த ஒரு பெண்ணிடம் போய் மெல்லிய ஊசியைக் கையாளக் கற்றுக்கொண்டார். வட்டமான குழாயின் விளிம்பை மூன்று இடங்களில் இழுத்துப் பிடித்தால் அது முக்கோணமாகிவிடும். அப்புறம் ஒவ்வொரு பக்கத்தையும் நேர்கோடாகத் தைத்துவிடலாம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் ரத்தக் குழாய் அறுவைச் சிகிச்சைக்கும் உறுப்பு மாற்று சிகிச்சைக்கும் அடித்தளம் போட்டது இந்த முறைதான்.

1904-ல் கனடா போனார். அங்கிருந்து சிகாகோ, பிறகு 1906-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனம். 1912-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

கோழி இதயத்துக்கு என்ன ஆனது?

அதே 1912, ஜனவரி 17. கோழிக் கருவிலிருந்து இதயத்தின் சிறு துண்டு ஒன்றை எடுத்துக் கண்ணாடிக் கலத்தில் வளர்க்கத் தொடங்கினார் கரேல். துடிப்பு ஒரு கட்டத்தில் நின்றது. ஆனால் திசுவிலிருந்த செல்கள் பிரிந்து பெருகிக்கொண்டே இருந்தன. உதவியாளர் ஆல்பர்ட் எபலிங் அவற்றைப் பல்லாண்டுகள் பராமரித்தார். சாகாத கோழி இதயம் என்று பத்திரிகைகள் எழுதின. ஆண்டுதோறும் அதன் பிறந்தநாள்கூட செய்தியானது.

கரேல் எடுத்த முடிவு இதுதான்: செல் தன்னளவில் சாகாதது. சத்தான உணவு கொடுத்து, கழிவை அகற்றினால் அது என்றென்றும் வாழும். வயதாவது உடலின் பிரச்னை, செல்லின் பிரச்னை இல்லை.

ஏன் யாரும் கேள்வி கேட்கல?

மற்ற ஆய்வகங்களில் சாதாரண செல்கள் கொஞ்ச காலத்தில் பிரிவதை நிறுத்திக்கொண்டன. ஆனால் அந்த ஆய்வாளர்கள் கரேலைச் சந்தேகிக்கவில்லை. தங்கள் கைப்பக்குவத்தில்தான் கோளாறு என்று நினைத்தார்கள். எதிரே இருந்தவர் நோபல் பரிசு பெற்றவர். அவரது ஆய்வகத்தில் எல்லோரும் கறுப்பு அங்கி, கறுப்பு முகமூடியில் வேலை செய்வார்களாம். அந்த அளவுக்குச் சுத்தம் தங்களால் முடியாது என்று பலர் ஒதுங்கிவிட்டார்கள்.

தரவுகளோடு வேலை செய்கிறவர்களுக்கு இது பழக்கப்பட்ட ஆபத்து. ஒரே மாதிரி, ஒரே ஆய்வகம், வேறு யாராலும் திரும்பச் செய்ய முடியாத முடிவு. இருந்தும் அது பாடமாகிவிட்டது.

கரேலின் கடைசிக் காலம் எப்படி?

1935-ல் அவர் எழுதிய புத்தகம் பெரும் விற்பனை கண்டது. சிலரைத் தகுதியற்றவர்கள் என்று பிரித்து, குற்றவாளிகளை விஷவாயுவால் கொல்வதையும் ஆதரித்தது அந்தப் புத்தகம். நாஜிகளுடன் ஒத்துழைத்த விஷி அரசின் ஆதரவில் பிரான்ஸில் ஓர் ஆய்வு மையமும் நடத்தினார். பாரிஸ் விடுதலையானதும் அவர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணைக்கு முன்பே, 1944 நவம்பரில் இறந்தார். கோழிச் செல்கள் அவரைத் தாண்டியும் வளர்ந்தன. 1946-ல்தான் அந்த வளர்ப்பு நிறுத்தப்பட்டது.

உண்மை எப்போது தெரிந்தது?

1961-ல். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் லியோனார்ட் ஹேஃப்லிக், பால் மூர்ஹெட் இருவரும் மனித செல்களை வளர்த்தார்கள். சுமார் 50 முறை பிரிந்ததும் அவை நின்றுவிட்டன. கைப்பக்குவக் கோளாறா? வயதான ஆண் செல்களையும் இளம் பெண் செல்களையும் ஒரே கலத்தில் கலந்து வளர்த்துப் பார்த்தார்கள். கடைசியில் பெண் செல்கள் மட்டுமே மிஞ்சின. கலமும் உணவும் ஒன்றுதான். அப்படியானால் கணக்கு செல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அந்தக் கணக்கு வைப்பதில் முக்கியமானது டெலோமியர், குரோமோசோமின் நுனியில் இருக்கும் பாதுகாப்பு முனை. செல் பிரியும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் தேயும். ரொம்பத் தேய்ந்ததும் பிரிவு நின்றுவிடும். இது தொடர்பான கண்டுபிடிப்புக்கு 2009-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

அப்படியென்றால் கரேலின் செல்கள்? உணவாக ஊற்றிய கோழிக் கருச் சாற்றின் வழியாகவே புதிய செல்கள் உள்ளே போயிருக்கலாம் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். தெரியாமல் நடந்ததா, தெரிந்தே நடந்ததா என்பதில் இன்னமும் சண்டை ஓயவில்லை.

நமக்கு என்ன?

டெலோமியரை நீட்டிவிட்டால் போதுமா? அவ்வளவு எளிதில்லை. பெரும்பாலான புற்றுநோய் செல்கள் டெலோமியரைத் தேயவிடாமல் வைத்துக்கொண்டுதான் ஓயாமல் பிரிகின்றன. பிரிவு நிற்பது நமக்கு ஒரு பாதுகாப்பும்கூட. தவிர, முதுமைக்கு டெலோமியர் மட்டும் காரணம் இல்லை. டிஎன்ஏவில் சேரும் சேதம், பிரிவதை நிறுத்திய செல்கள் கசியவிடும் அழற்சிப் பொருள்கள் எல்லாமே பங்கு வகிக்கின்றன.

ஆரோக்கியமாக வயதாக, சான்று உள்ள வழிகள் சாதாரணமானவை:

- புகையை விடுவது.
- வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, இரண்டு நாள் தசைப் பயிற்சி. இது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை.
- போதுமான தூக்கம்.
- ரத்த அழுத்தம், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. இந்தியர்களுக்கு நீரிழிவு இளம் வயதிலேயே வருவதால், அரசுத் திட்டத்தில் 30 வயதிலிருந்தே பரிசோதனை உண்டு. ஐடி வேலை, நைட் ஷிஃப்ட் என்று இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்த முறை வயதை நிறுத்தும் மாத்திரை விளம்பரம் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். சோதனை எலியிலா, மனிதர்களிலா? எத்தனை பேரிடம் செய்தார்கள்? விற்பவரைத் தவிர வேறு யாராவது செய்து அதே முடிவு கிடைத்ததா? மூன்றாவது கேள்வியை அன்றைக்கே யாராவது அழுத்திக் கேட்டிருந்தால், 1961 வரை காத்திருக்க வேண்டி வந்திருக்காது.