குருவிக்கு ஒரு கணக்கு எண்: சாலிம் அலி

குளிர்காலத்தில் தண்ணீர் ஓரமாக, வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு பூச்சி தேடும் சாம்பல் வாலாட்டிக் குருவியை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். எடை சுமார் 20 கிராம்தான். இமயமலைப் பக்கமிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருவது. போன வருடம் வந்த அதே குருவிதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் கேள்விக்கு நம் நாட்டில் விடை தேடியவர்களில் முதன்மையானவர் சாலிம் அலி.

1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். பையனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு. என்ன குருவி என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போனார். செயலாளர் மில்லார்ட் பெயரைச் சொன்னதோடு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் காட்டினார். பையனின் வாழ்க்கை அங்கேயே திரும்பிவிட்டது.

நம்மைப் போல அவரும் கணக்குப் படித்தவர்தான் என்பது பலருக்குத் தெரியாது. பர்மாவில் குடும்பத் தொழில் சரிப்படாமல் ஊர் திரும்பி, வணிகச் சட்டமும் கணக்கியலும் படித்தார். பிறகு ஜெர்மனி சென்று பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பறவையியல் கற்றார். ஹெலிகோலாந்து தீவில் பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிடும் முறையைப் பழகினார். 1930இல் திரும்பி வந்தால், அருங்காட்சியகத்தில் அவர் பார்த்த வேலை பணப் பற்றாக்குறையால் நீக்கப்பட்டிருந்தது. மனம் தளராமல் கிஹிம் கடற்கரைக் கிராமத்தில் தங்கி, தூக்கணாங்குருவியை ஆராய்ந்தார்.

வளையமிடும் வேலைக்கும் பணம் வேண்டுமே! 1957இல் கர்நாடகத்தில் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வருகின்றனவோ என்ற சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனம் உதவ முன்வந்தது. சாலிம் அலி தலைமையில் பல இடங்களில் வலை விரித்தார்கள்; நம் கோடியக்கரையும் முக்கிய இடமானது. வளையத்தில் ஓர் எண், பம்பாய்ச் சங்கத்துக்குத் தெரிவிக்கும்படி ஒரு வரி. வங்கிக் கணக்கு எண் மாதிரிதான். அதே எண் இரண்டாம் முறை பதிவானால்தான் பயணம் தெரியும்.

அப்படித்தான் தெரிந்தது. பரத்பூரில் வளையமிட்ட வாத்துகள் சோவியத் நாட்டில் கிடைத்தன. சாம்பல் வாலாட்டி நகரத்துப் புல்வெளிக்குக்கூட வருடா வருடம் தவறாமல் திரும்பி வருவது உறுதியானது.

கெட்டி விருதாகக் கிடைத்த பணத்தை இயற்கைப் பாதுகாப்பு நிதியாக்கினார். 1987 ஜூன் 20 அன்று, 90 வயதில் மறைந்தார்.

வளையம் மாட்டுபவர் செய்வது பாதி வேலைதான். மீதிப் பாதி, எங்கோ ஒரு முகம் தெரியாதவர் அந்த எண்ணைப் படித்துத் தெரிவிப்பது. நம் வளாகத்தில் காலில் வளையத்தோடு ஒரு பறவை விழுந்து கிடந்தால், எண்ணையும் தேதியையும் குறித்து, புகைப்படம் எடுத்து, பம்பாய்ச் சங்கத்துக்குத் தெரிவியுங்கள். ஒரு குருவியின் கணக்கு நம்மால் நேராகட்டும்.