ஓமந்தூரார் யார்?

அண்ணா சாலை ஓமந்தூரார் மருத்துவமனைக்கு உங்களில் பலர் போய் வந்திருப்பீர்கள். அந்தப் பெயருக்கு உரியவர், திண்டிவனம் பக்கம் ஓமந்தூரில் 1895-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ராமசாமி ரெட்டியார். காங்கிரஸ்காரர். 1947 மார்ச்சில் சென்னை மாகாணப் பிரதமரானார் (முதல்வர் பதவிக்கு அன்று அதுதான் பெயர்).

பதவியில் இருந்தது இரண்டே வருடம். அதற்குள் ஆலயப் பிரவேசச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம், 1948-ல் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் மூன்றும் வந்துவிட்டன. ஜமீனுக்குக் கட்டிவந்த குடியானவர் நேராக சர்க்காருக்கே வரி கட்டலாம் என்றானது. இதை ஒரு விவசாயி செய்ததில் எனக்கு வியப்பில்லை. சிபாரிசோடு வந்த சொந்தக் கட்சிக்காரர்களுக்கும் அவர் வளைந்து கொடுக்கவில்லை என்பதுதான் பெரிது. கட்சிக்குள் எதிர்ப்பு வலுத்து, 1949 ஏப்ரலில் பதவி குமாரசாமி ராஜாவுக்குப் போனது. ரெட்டியார் வடலூர் போய் வள்ளலார் பணியில் இறங்கினார். 1970-ல் காலமானார்.